முதல் வாரம் 22 பேர், ஒன்பதாம் வாரம் 7 பேர்: இளைஞர்களின் ஊக்கம் எங்கே கரைகிறது?

கேள்வி | பதிந்தவர்: வாசிப்புத் திண்ணை

அனைவருக்கும் வணக்கம். ஒரு பொது நூலகத்தின் பின்னறையில் ஞாயிறுதோறும் காலை 7 மணிக்கு நடைபெறும் வாசிப்பு வட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருக்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் 8 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளின் பக்கத்தில், 16 முதல் 20 வயது வரையிலான தன்னார்வலர்கள் ஒன்றரை மணி நேரம் அமர்ந்து படிக்கப் பழக்குவதே ஏற்பாடு. முதல் வாரம் 22 பேர் வந்தார்கள். ஒன்பதாம் வாரமான நேற்று வந்தவர்கள் 7 பேர்.

நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. தொடக்க நாளில் நன்றாகப் பேசக்கூடிய ஒருவரை அழைத்தோம்; அறையே அதிரும்படி கைதட்டினார்கள். இறுதியில் சான்றிதழ் உண்டு என்று அறிவித்தோம். சேவையும் கல்வியும் இருக்கும் இடத்தில் உடல்நலமும் சேரட்டுமே என்ற ஆசையில், நான்காம் வாரத்திலிருந்து 6.30 மணிக்கே வரச்சொல்லி அரைமணி நேர உடற்பயிற்சியையும் முன்னால் வைத்தோம். அதன் பிறகுதான் கூட்டம் இன்னும் வேகமாக மெலிந்தது என்பதை வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுமி மெல்ல என்னிடம் வந்து, "சத்தம் போடாதீங்க, அக்கா தூங்குறாங்க" என்றாள். அவளுக்குக் கற்றுத்தர வந்த 17 வயதுப் பெண் மேசையில் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தாள்; சிறுமி தானாகவே விரல் வைத்து, உதட்டசைவில் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோபப்படுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தலைமுறைக்கு அக்கறை இல்லை என்று எங்கள் குழுவில் மூத்தவர்கள் சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் மறுத்துப் பேசவும் கையில் ஒன்றுமில்லை. வருகையைக் கட்டாயமாக்கலாமா, வேறு பேச்சாளரை அழைத்து மீண்டும் ஊக்கமூட்டலாமா, அல்லது தொடக்கத்திலேயே எதையோ தவறவிட்டுவிட்டோமா? இளைஞர்களோடு பழகிய அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி | பதிந்தவர்: சுண்ணக்கட்டி

31 ஆண்டுகள் வகுப்பறையில் கழித்து ஓய்வுபெற்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: பேச்சாளருக்கு இன்னொரு முறை அழைப்பு அனுப்பாதீர்கள். அந்தக் கைதட்டல் பேச்சுக்குக் கிடைத்தது. உங்கள் பின்னறைக்குக் கிடைத்ததல்ல. கேட்டவர்களின் மனத்தில் எழுந்த எழுச்சி பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் அது வீடு போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். ஆரம்பசூரத்தனம் என்று நம் முன்னோர் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள் என்றால், இது இந்தத் தலைமுறைக்கு மட்டும் வந்த நோயல்ல என்பது தெளிவாகிறது.

நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் தன்னார்வலர்களில் ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு குழந்தை இருக்கிறதா, அல்லது அன்றன்றைக்கு யார் வருகிறார்களோ அவர்களை அன்றன்றைக்கு வரும் குழந்தைகளோடு உட்காரவைக்கிறீர்களா? பின்னது என்றால் சிக்கல் அங்கேதான். தான் வராவிட்டால் வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று தெரிந்த இடத்திற்கு, மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமையில் யாரும் எழுந்து வரமாட்டார்கள், நானும் வரமாட்டேன். ஆனால், குறிப்பிட்ட ஒரு குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்ற நினைவு ஒரு பதினேழு வயதுக்காரரைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும்.

அடுத்தது, கற்பிப்பதால் கற்பிப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை அவர்களிடம் நாம் சொல்வதே இல்லை. என் வகுப்பில் மூத்த மாணவர்களை இளையவர்களோடு உட்காரவைப்பது வழக்கம். ஒருமுறை, கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த ஒரு பையனிடம், ஒரு சிறுவன், "எட்டு நாலை விடப் பெரிசுதானே, அப்புறம் எட்டில் ஒன்று மட்டும் எப்படி நாலில் ஒன்றைவிடச் சின்னது?" என்று கேட்டுவிட்டான். விடை தெரிந்த பையனுக்கு விளக்கம் தெரியவில்லை. காகிதத்தை எடுத்து மடித்தான், பிரித்தான், மீண்டும் மடித்தான். நான்காய் மடித்த துண்டின்மேல் எட்டாய் மடித்த துண்டை வைத்தபோது, சிறுவனுக்கு முன்பே அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பத்து ஆண்டுகளாகச் சரியாகச் செய்துவந்த ஒன்று அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இதற்கு ஆய்வின் துணையும் உண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்களையும், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகி, எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டையும் மற்றவர்கள் 42 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது என்பது வாரந்தோறும் நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதுதான். தேர்வு நெருங்கும்போது "படிக்க வேண்டும், சேவைக்கு நேரமில்லை" என்று சொல்லி விலகும் பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் படிக்கும் பாடத்திற்கும் கற்பிக்கும் பாடத்திற்கும் ஏதேனும் தொடர்பு இருக்கும்படி நீங்கள் இணைத்துவிட்டால்தான் இந்த வாதம் நிற்கும். இல்லையென்றால் அவர்களே உங்களை மடக்கிவிடுவார்கள்.

மறுமொழி | பதிந்தவர்: நாடித்துடிப்பு

வளரிளம் பருவத்தினரைப் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில், உறங்கிப்போன அந்தப் பெண்ணின் சார்பாகப் பேச வந்திருக்கிறேன்.

பதின்வயதில் உடலின் உறக்கக் கடிகாரம் தாமதமாக ஓடத் தொடங்குகிறது. உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. இரவு பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் சாக்கு அல்ல (கைப்பேசி இதை இன்னும் மோசமாக்குகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை). 13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பதின்வயதினர் படிக்கும் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன்பு தொடங்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இலேயே சொல்லிவிட்டது. நீங்களோ, வாரம் முழுவதும் உறக்கக் கடன் சேர்த்துவைத்திருக்கும் பிள்ளைகளை, அதைத் தீர்க்கக் கிடைக்கும் ஒரே காலையில், 6.30 மணிக்கு வரச்சொல்லி, அதற்கு உடல்நலம் என்று பெயரும் வைத்திருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள்.

5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்றும், வயதுவந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் கைகால்களை அசைப்பதால் இந்தக் கணக்கில் பெரிதாக எதுவும் ஏறாது. நூலகத்திற்கு நடந்தோ மிதிவண்டியிலோ வருகிறவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வரட்டும். குழந்தைகளோடு கடைசி இருபது நிமிடம் ஓடிப்பிடித்து விளையாடட்டும். அதை உடற்பயிற்சி என்று அழைக்காமல் இருந்தாலே பாதி வெற்றி.

இனி, உங்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடிய ஒரு செய்தி. கனடாவின் மேற்குப் பகுதியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 106 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினரைத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு உதவ வாரந்தோறும் சுமார் இரண்டு மாதங்கள் அனுப்பினார்கள். மற்ற குழுவினர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். 2013இல் வெளிவந்த முடிவுகளின்படி, உதவச் சென்றவர்களின் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6 அளவும் மொத்தக் கொழுப்பளவும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. உடல் நிறைக் குறியீடும் அவ்வாறே. அவர்களுக்குள்ளும், பிறர் துயரை உணரும் இயல்பு யாருக்கு அதிகம் வளர்ந்ததோ அவர்களிடமே பலன் கூடுதலாகத் தெரிந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரே ஓர் ஆய்வு, சிறிய எண்ணிக்கை. ஆகவே சேவை மருந்துக்கு மாற்று என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆயினும், நீங்கள் தனியாகக் கொண்டுவந்து ஒட்டவைக்க முயன்ற உடல்நலம், அந்த ஒன்றரை மணி நேரத்திற்குள்ளேயே ஓரளவு இருந்திருக்கிறது.

மறுமொழி | பதிந்தவர்: பத்தொன்பது

பெயரே என் வயது. இதே போன்ற வேறொரு அமைப்பில் சேர்ந்து, ஆறாவது வாரத்தில் நின்றுவிட்டவன் என்பதால் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

நான் சான்றிதழுக்காகத்தான் சேர்ந்தேன். அதை ஒரு குற்றமாக ஒப்புக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் அதைக் கேட்கிறவர்கள் பெரியவர்கள்தானே. நான் நின்றதற்குக் காரணம் வேறு. ஆறு வாரங்களில் நான் செய்தவை: நாற்காலி அடுக்கியது, பதாகையின் ஒரு முனையைப் பிடித்தது, நிழற்படத்திற்கு இரண்டாம் வரிசையில் நின்றது. குழந்தைகளோடு நான் பேசிய மொத்த நேரம் ஒரு மணி இருந்தால் அதிகம். ஒரு யோசனை சொன்னபோது, "நல்லது தம்பி, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்றார்கள்; அந்த அடுத்த கூட்டத்திற்கு எங்களை யாரும் அழைக்கவில்லை.

பரிசு பற்றி உளவியல் பாடத்தில் படித்த ஒன்று இங்கே பொருந்தும். 1973இல் லெப்பரும் அவருடைய குழுவினரும் மழலையர் பள்ளியொன்றில், படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறை வரவில்லை. ஆகவே சான்றிதழைக் கொடுங்கள். ஆனால் அதைத் தூண்டிலில் மாட்டி முதல் நாளே காட்டாதீர்கள்.

கட்டாயம் குறித்தும் கேட்டிருந்தீர்கள். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 1999 முதல் பள்ளிப் பட்டயம் பெற 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம் என்பதை அறிவேன். அங்கே வாசலைக்கூடத் தாண்டியிராத பலரை அது உள்ளே அழைத்துவந்திருக்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஸ்டூக்காஸ் முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, தாமாகச் செய்திருக்கமாட்டோம் என்று நினைப்பவர்களைக் கட்டாயப்படுத்தினால், பின்னாளில் தன்னார்வத்தோடு செய்யும் எண்ணமும் அவர்களிடம் குன்றுகிறது என்கிறது. யாரை ஈர்ப்பதற்காகக் கட்டாயத்தைக் கொண்டுவருகிறோமோ, அவர்களைத்தான் அது விரட்டுகிறது.

சுண்ணக்கட்டி அம்மா சொன்ன "தனக்கென்று ஒரு குழந்தை" என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். அதோடு "தனக்கென்று ஒரு முடிவு" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகம், எந்த விளையாட்டு, எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதை எங்களிடம் விட்டுப்பாருங்கள். தவறு செய்வோம். நீங்கள் வைத்த 6.30 மணியைவிடப் பெரிய தவறாக அது இருக்காது என்று நம்புகிறேன்.

மறுமொழி | பதிந்தவர்: எதிர்க்கரை

எல்லோரும் இளைஞர்களின் ஊக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். அந்த எட்டு வயதுச் சிறுமியை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

ஒரு குழந்தைக்கு ஓர் அக்காவையோ அண்ணனையோ கொடுத்துவிட்டு, அவர் நான்காம் வாரம் சொல்லாமல் மறைந்தால், அந்தக் குழந்தை தன்னிடம்தான் ஏதோ குறை என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே குழந்தையை ஒப்படைப்பதற்கு முன், எத்தனை வாரம் வருவீர்கள் என்று கேட்டு, அதைச் சிறிய எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. 1956இல் பிரிட்டனில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கும் எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தில், தன்னார்வப் பணி, உடலுழைப்பு, ஒரு திறனைக் கற்றல் ஆகியவற்றை இளைஞர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வாரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம், வெண்கல நிலைக்கு ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று மாதம். யாரோடும் போட்டியில்லை. சிறிய அளவு, தெரிந்த முடிவு, சொந்தத் தேர்வு என்ற மூன்றும் கூடியிருப்பதால்தான் அது இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறது என்பது என் கருத்து.

இன்னொன்று: 22 பேர் 7 பேர் ஆனதை இத்தனை பெரிய தோல்வியாகப் பார்க்க வேண்டுமா? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், நாள்தோறும் செய்யும் ஒரு செயல் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை அது மாறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு வரவில்லை என்பதும் அதில் தெரிந்தது. உங்கள் தன்னார்வலர்கள் ஒன்பது வாரங்களில் செய்தது ஒன்பது முறை மட்டுமே. பழக்கமாகும் கட்டத்தை அவர்கள் எட்டவே இல்லை. இருந்தும் 7 பேர் வருகிறார்கள். அவர்கள் ஏன் வருகிறார்கள் என்று என்றைக்காவது கேட்டீர்களா? விலகிய 15 பேரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் அதைக் கேட்டிருக்கலாம்.

கடைசியாக, நடைமுறை சார்ந்த ஓர் எச்சரிக்கை. தன்னார்வலரும் குழந்தையும் தனியறையில் இருக்கக்கூடாது. எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மட்டுமே அமர வேண்டும். குழந்தையின் தொலைபேசி எண்ணோ படமோ யார் கைப்பேசியிலும் இருக்கக்கூடாது. நல்ல மனம் படைத்தவர்கள் கூடும் இடங்களில்தான் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

மறுமொழி | பதிந்தவர்: வாசிப்புத் திண்ணை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்திற்கு மன்னிக்கவும். எதிர்க்கரை அவர்கள் கேட்டபடி, எஞ்சியிருந்த 7 பேரிடமும் தனித்தனியே பேசினேன். பேச்சாளரைப் பற்றி ஒருவரும் குறிப்பிடவில்லை. ஐந்து பேர் ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னார்கள். ஒருவர், வீட்டில் அமைதியாக உட்கார்ந்து படிக்க இடமில்லை என்றும், வட்டம் முடிந்தபின் நூலகத்திலேயே இருந்து தன் பாடத்தைப் படித்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். இதை நாங்கள் அறிந்திருக்கவே இல்லை. நூலகரிடம் பேசி, அந்த அறையைப் பிற்பகல் வரை தன்னார்வலர்களின் படிப்புக்குத் திறந்துவைக்க ஏற்பாடு செய்துவிட்டோம். இப்போது சிலர் அதற்காகவே வருகிறார்கள். வந்தவர்கள் குழந்தைகளோடும் உட்காருகிறார்கள்.

நேரத்தை அவர்களே முடிவுசெய்தார்கள்: காலை 9.30. உடற்பயிற்சி போய்விட்டது, அதற்குப் பதிலாகக் கடைசியில் பின்முற்றத்தில் நடக்கும் கூச்சலை நூலகர் பொறுத்துக்கொள்கிறார். ஒவ்வொருவரும் எட்டு வாரத்திற்கு மட்டும் ஒப்புக்கொள்கிறார்கள். முடிந்ததும் விலகலாம், குழந்தையிடம் சொல்லிவிட்டு. சான்றிதழ் குறித்து யாரும் வாய்திறப்பதில்லை, நானும் திறக்கவில்லை. மூத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் இந்த மாற்றங்கள் பிடிக்கவில்லை; ஒழுங்கு கெட்டுவிட்டது என்கிறார். நேற்று 13 பேர் வந்திருந்தார்கள்.

உறங்கிப்போன அந்தப் பெண் தொடர்ந்து வருகிறாள். எதிர்க்கரை அவர்கள் நினைவூட்டிய அந்தச் சிறுமியிடம்தான் இப்போது எனக்கு ஒரு சிக்கல். தூங்கிய அக்காவை எழுப்பாமல் தனியாகப் படித்த புத்தகத்தை முடித்துவிட்டாள். அடுத்ததைக் கேட்கிறாள். எங்கள் அலமாரியில் இருப்பவை ஒன்று அவளுக்கு மிக எளியவை, அல்லது பக்கம் முழுக்கப் பொடி எழுத்துகள் நிறைந்தவை. இடைப்பட்ட நிலையில், பெரிய எழுத்தில், பக்கத்திற்கு நான்கைந்து வரிகளோடு கதைகளை நாமே எழுதிக் கட்டிக்கொடுக்கலாம் என்று அக்காவும் தங்கையும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். அட்டை போட்டு, பிரியாதபடி நூலால் தைப்பது எப்படி என்று அறிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்குள் தேவைப்படுகிறது.